அப்பாவைத் தேடி இறங்கியவர்கள்

டாக்டர் கேட்ட முதல் கேள்விக்கு நான் இல்லை என்று பதில் சொன்னேன். குடும்பத்தில் யாருக்காவது ஏ.டி.எச்.டி. எனும் கவனக் குறைபாடு உண்டா என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் சர்க்கரை உண்டு, ரத்தக் கொதிப்பு உண்டு, தங்க மைன்ஸ் தூசியில் நுரையீரல் போய் இறந்த தாத்தா உண்டு. அந்த ஆங்கில எழுத்துகளில் எதுவும் கிடையாது. அறையில் ஏசி குளிர் அதிகமாக இருந்தது. சால்வையை ரயிலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

நாற்பது வயதில் நான் பெங்களூரில் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்ததற்குக் காரணம் என் மேலதிகாரி. என்னைவிட வயதில் சின்னவள். மருந்து விநியோகிக்கும் கம்பெனி ஒன்றில் நான் ஆர்டர் பிரிவில் இருக்கிறேன். எங்கள் சுரங்க ஊரான கோரமண்டலில் காலை ரயில் ஏறினால் வீடு திரும்ப இருட்டிவிடும். மங்களூருக்குப் போக வேண்டிய பெட்டிகளை மைசூருக்கு அனுப்பினேன். அடுத்த மாதமும் அதையே செய்தேன். எழுதி முடித்த பதில்களை அனுப்பாமலே விட்டுவிட்டு, அனுப்பிவிட்டேன் என்று சாதித்தேன். பொய் சொல்லவில்லை. அனுப்பியதாகத்தான் எனக்கு ஞாபகம்.

அவள் தனியாகக் கூப்பிட்டபோது வேலை போய்விட்டது என்று நினைத்தேன். அவள் தன் தம்பியைப் பற்றிச் சொன்னாள். அவனும் இப்படித்தான் இருந்தானாம், இப்போது பரவாயில்லையாம். "ஒந்து சல டாக்டர்ன நோடி, மேடம்" என்றாள். ஒருமுறை டாக்டரைப் பாருங்கள் என்று அதற்கு முன் யாரும் என்னிடம் சொன்னதில்லை. பள்ளியில் சோம்பேறி என்றார்கள். என்னோடு சில வருடம் குடும்பம் நடத்திவிட்டுப் பிரிந்தவர், "உனக்கு என்மேல் அக்கறையே இல்லை" என்றார். அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போன அன்று நான் துணி துவைத்தேன். அழுகை வரவில்லை. வர வேண்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தேன், அவ்வளவுதான். பிறகு அம்மா அப்பாவோடு கோரமண்டலில் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுக்கே வந்துவிட்டேன்.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண். கன்னடச் சாயலோடு தமிழ் பேசினார். நான் இல்லை என்று சொன்னதை அவர் எழுதிக்கொள்ளவில்லை.

"உங்க அப்பா அம்மா காலத்துல இதுக்கெல்லாம் யாரும் டாக்டர்கிட்ட போயிருக்க மாட்டாங்க. பேரைச் சொல்லிக் கேட்டா எல்லாரும் இல்லைன்னுதான் சொல்வாங்க. வேற மாதிரி கேக்கறேன். உங்க வீட்டுல யார் பொருளைத் தொலைச்சிட்டே இருப்பாங்க? யாருக்கு ஒரு வேலையும் நிலைக்கல? யாரைப் பத்திச் சொல்லி எல்லாரும் சிரிப்பாங்க?"

எல்லோரும் சிரிப்பது அப்பாவைப் பற்றித்தான். ஆனால் ஏசியைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்றுதான் கேட்டேன்.

இது ரத்த உறவுக்குள் வருவது அதிகம் என்று அவர் விளக்கினார். அதற்காக, அப்பாவுக்கு இருந்தால் பெண்ணுக்கும் இருந்தே தீரும் என்று இல்லை. குடும்பத்தில் இருக்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு சொல்லவும் முடியாது. தைராய்டு பார்க்க வேண்டும், தூக்கம் எப்படி என்று பார்க்க வேண்டும், மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், இது சின்ன வயதிலேயே இருந்ததா என்று தெரிய வேண்டும். "உங்களைக் குழந்தையா பார்த்தவங்க யாராவது ஒருத்தரை அடுத்த தடவை அழைச்சிட்டு வாங்க" என்றார்.

அம்மாவைத்தான் அழைத்துப் போனேன். கோவிலுக்குப் போகும்போது கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டாள். பைபிளைப் பையில் வைத்துக்கொண்டாள். டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே, "எங்க வூட்ல பைத்தியம்லாம் யாருக்கும் கெடையாதும்மா" என்றாள்.

"பைத்தியத்தைப் பத்திக் கேக்கலம்மா. உங்க பொண்ணு சின்ன வயசுல எப்படி இருந்தாங்க? அதைச் சொல்லுங்க."

அம்மாவுக்குச் சற்று தெம்பு வந்தது. "நல்ல பொண்ணும்மா. அடம் பண்ணாது. எங்கனா பார்த்துகினு ஒக்காந்துகினு இருக்கும். பக்கத்துல நின்னு கூப்ட்டாகூட காதுல வுழாது. கிருஷ்ணாயில் வாங்கினு வான்னு கேனைக் குடுத்து அனுப்புவேன். கேன் வரிசையில நிக்கும், இவ நிக்க மாட்டா. ஒருநாளு லைன் லைனா தேடிகினு போறேன், இவ மைன்ஸ் கழிவு மண்ணு கொட்டின சைனைடு டம்ப் மேட்டு மேல ஒக்காந்து ஆடு மேய்க்கிறவராண்ட கதை கேட்டுகினு கீறா. ஸ்கூல்ல அடி வாங்காத நாளு கெடையாது. வேணும்னு செய்யாதும்மா. அவங்கப்பா மாதிரி, அவ்ளோதான்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "அப்பா மாதிரின்னா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதை உண்டு. கல்யாணமோ கிறிஸ்துமஸோ, பந்தி முடிந்து உட்கார்ந்ததும் சித்தப்பா ஆரம்பிப்பார். அப்பா நந்திதுர்க் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்டில் வேலை செய்த காலம். சுரங்கக் கிணறான ஷாஃப்டில் இறங்குகிற ஒவ்வொருவரும் விளக்கு வாங்கிக்கொண்டு இறங்க வேண்டும், ஏறி வந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். விளக்கு வரவில்லை என்றால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். ஒருநாள் அப்பா ஷிஃப்ட் முடிந்து மேலே வந்தார். விளக்கைக் கொடுக்கப் போகிற வழியில் யாரோ ரேடியோ பாடவில்லை என்று சொல்ல, விளக்கைக் குழாயடியில் வைத்துவிட்டு, ரேடியோவைப் பார்க்க அவனோடு அடுத்த சுரங்கமான மைசூர் மைன்ஸ் பக்கம் போய்விட்டார். அன்று பார்த்து அவர் வேலை செய்த லெவலில் பாறை வெடித்தது. சங்கு ஊதியது. ஊரே ஷாஃப்டுக்கு ஓடியது. அப்பாவும் ஓடி வந்தார். கூட்டத்தில் முண்டியடித்து நின்றுகொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம், "யாருப்பா உள்ள மாட்டிகினான்?" என்று கேட்டார். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "நீதான்யா" என்றார்.

இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாதான் அதிகமாகச் சிரிப்பார். கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பார். அம்மா அந்த நேரத்தில் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள்.

அம்மா அதே கதையை டாக்டரிடம் சொன்னாள். "நீதான்யா" என்ற இடம் வந்தபோது டாக்டர் சிரிக்கவில்லை. அதனாலோ என்னவோ, அம்மா நிறுத்தாமல் மேலே சொல்லிக்கொண்டு போனாள்.

"நான் முன்னாடி நின்னுகினு இருந்தேன் டாக்டரம்மா. இவ வவுத்துல. பொம்பளைங்க ரெண்டு பக்கமும் என்னைப் புடிச்சிகினாங்க. பாஸ்டர் வந்து ஜெபம் பண்ண ஆரம்பிச்சிட்டாரு. அப்போ பின்னால சத்தம். திரும்பிப் பார்த்தா அவரு நிக்கிறாரு, ஒடம்புல ஒரு கீறல் இல்லாம. எனக்கு சந்தோஷம் வரலம்மா. கோவமும் வரல. ஒண்ணுமே வரல. வூட்டுக்குப் போயி சோறு வடிச்சேன். இத்தெ நான் யாராண்டயும் சொன்னது கெடையாது."

டாக்டர் ஒரு கணம் என் பக்கம் திரும்பினார். முதல் நாள் நானும் அவரிடம் ஏறக்குறைய இதே வார்த்தைகளைச் சொல்லியிருந்தேன், துணி துவைத்ததைப் பற்றி.

"அதோட முடியலம்மா" என்றாள் அம்மா. "அவரு மேல நிக்கிறாரு. அதுக்குள்ள அவரைத் தேட ஆளுங்களை ஏத்திகினு லிஃப்ட்டு கேஜ் எறங்கிடுச்சி. ஆளு மேலதான் கீறான்னு கீழ சொல்லி அனுப்பறதுக்குள்ள இன்னொரு தபா பாறை வுழுந்திடுச்சி. தேடப் போனவங்கள்ல ஒருத்தருக்கு வலது கை நசுங்கிப் போச்சு. எங்க வூட்டுக்காரரோட ஜோடியா ஷிஃப்ட் போறவரு. அன்னிக்கி முன் கேஜ்லயே மேல வந்துட்டாரு. எங்க பின் லைன்லதான் கீறாரு. கதை சொல்றவங்க யாரும் அத்தெ சொல்ல மாட்டாங்க."

அந்த மாமாவை எனக்குத் தெரியும். சின்ன வயதில் அந்த லைன் வழியாகப் போகக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். குழாய்த் தண்ணீர்ச் சண்டை என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் முதல் ஆராதனைக்குப் போவோம். நாங்கள் வெளியே வரும்போது அவர்கள் இரண்டாவது ஆராதனைக்கு உள்ளே நுழைவார்கள். வலது கையை பேன்ட் பைக்குள் செருகியிருப்பார். பாட்டுப் புத்தகம் இடது கக்கத்தில் இருக்கும். அப்பா அந்த நேரத்தில் செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொள்வார். இத்தனை வருடம் அதைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

"அப்புறம் அவருக்கு வேலை?" என்று டாக்டர் கேட்டார்.

"கீழ எறக்க மாட்டோம்னுட்டாங்க. மேலயே கல்லு அரைக்கிற மில்லுல போட்டாங்க. மைன்ஸ் மூடினப்புறம் பெங்களூர்ல செக்யூரிட்டி. அது போச்சு. பேக்கரி. அதுவும் போச்சு. குடிக்க மாட்டாரும்மா, சண்டை கெடையாது. ஒரு எடத்துல ஒக்கார மாட்டாரு, அவ்ளோதான்."

திரும்பி வரும்போது ரயிலில் கூட்டம் இல்லை. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றாள். பங்காருபேட்டை தாண்டியதும், "அவராண்ட சொல்லாதே" என்றாள். சரி என்றேன். ஒரு மனிதரின் கை போயிருக்கிறது, அது என் பிறப்புக்கு முன்பே எங்கள் வீட்டுக்குள் இருந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். வார்த்தைகள் புரிந்தன. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. தோலை உரித்த கடலையை அம்மா என் கையில் வைத்தாள். தின்றேன்.

ரத்தப் பரிசோதனை எல்லாம் வந்த பிறகு மூன்றாவது முறை போனேன். எனக்கு இருப்பது அதுதான் என்று டாக்டர் சொன்னார். ஓடியாடித் தொல்லை கொடுக்காமல், கவனம் மட்டும் நழுவிப் போகிற வகை. பெண் குழந்தைகளிடம் இது பெரும்பாலும் யார் கண்ணிலும் படாமல் போய்விடுமாம். "உங்க அப்பாவைப் பார்க்காம அவருக்கும் இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா உங்க அம்மா சொன்னதுல எனக்கு நிறைய தெளிவாச்சு" என்றார். பிறகு, மரத்துப்போன மாதிரி இருப்பது தனிப் பிரச்சினை, அதையும் சேர்த்துப் பார்ப்போம் என்றார். நான் தலையாட்டினேன். வெளியே வந்து மாத்திரை வாங்கினேன். சந்தோஷப்பட வேண்டிய நாள் என்று தோன்றியது. மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் ஒரு காபி குடித்தேன்.

அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை நான் மீறவில்லை. அப்பாதான் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டார். அவர் வீட்டில் இருந்தால் டிவியும் ஓடும், ரேடியோவும் ஓடும். இரண்டையும் கேட்டபடி தைல டப்பாவின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தவர், அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா மாத்திரை இது? உனக்கு இன்னா ஒடம்புக்கு?"

சொன்னேன். மறதி, கவனம், மூளை வேலை செய்கிற விதம் என்று எனக்குப் புரிந்த அளவுக்குச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே டப்பாவைக் கீழே வைத்தார்.

"இது எங்கேர்ந்து வருது?"

"குடும்பத்துல வரும்ன்றாங்கப்பா."

"எங்கிட்டேர்ந்தா?"

"இருக்கலாம்ன்றாங்க. உங்களைப் பார்க்காம சொல்ல முடியாதாம்."

"உங்கம்மா இன்னா சொன்னா அங்க?"

"ஷாஃப்ட் கதை."

பழக்கத்தில் சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் நின்றுவிட்டது. "கையைப் பத்தியுமா?"

"ஆமாப்பா."

எழுந்து டிவியை அணைத்தார். பிறகு ரேடியோவையும் அணைத்தார். அப்பா இருக்கும்போது வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. அடுப்படியில் அம்மா கரண்டியை வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"நான் வெளக்கைக் குடுத்துட்டேம்மா" என்றார். "இன்னிக்கி வரைக்கும் எனக்கு அப்படித்தான் ஞாபகம் கீது. வெளக்கு ரூம் ஜன்னல்ல வெச்சேன், அங்க இருந்தவன் எடுத்துகினான். அவன் மூஞ்சிகூட ஞாபகம் கீது. குழாயடியில எடுத்தோம்னு அவங்க கொண்டாந்து காட்டினப்போ, எங்கிட்ட யாரோ வெளயாடுறாங்கன்னு நெனச்சேன்."

நான் அனுப்பாத பதில்களைப் பற்றி அவரிடம் சொன்னேன். அனுப்பியதாகவே எனக்கும் ஞாபகம் இருந்ததைச் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குள் அதுவரை இப்படி ஒரு பேச்சு நடந்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, "வா, போயிட்டு வரலாம்" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. அம்மா வாசல்வரை வந்தாள். தடுக்கவில்லை.

மாமா வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் பறக்காமல் இருக்க அந்தக் கையை அதன்மேல் வைத்திருந்தார். அவ்வளவு பக்கத்தில் அதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். விரல்கள் இருந்தன, ஆனால் விரல்களாக இல்லை.

"மச்சான்" என்றார் அப்பா.

மாமா நிமிர்ந்தார். "இன்னா?"

அப்பா என்னைக் கைகாட்டி, "நீ சொல்லும்மா" என்றார். ஆபீஸில் ஆர்டர் விவரம் படிக்கிற குரலில் நான் சொன்னேன். எனக்கு இப்படி ஒன்று இருக்கிறது, குடும்பத்தில் வரக்கூடியது, அப்பாவுக்கும் இருந்திருக்கலாம், உறுதியாகத் தெரியாது. "அதனால நடந்தது இல்லைன்னு ஆயிடாது மாமா" என்றும் சொன்னேன்.

"மருந்து கீதா இதுக்கு?"

"கீது மாமா."

"அப்பவே இருந்துச்சா?"

"எனக்குத் தெரியல மாமா. இருந்திருந்தாலும் இங்க யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

அவர் பேப்பரை மடித்தார். ஒரு கையால் மடிப்பதால் நேரம் எடுத்தது. நாங்கள் இருவரும் உதவிக்குப் போகவில்லை. பிறகு அப்பாவிடம் பேசினார்.

"உங்கூட எவ்ளோ ஷிஃப்ட் எறங்கியிருக்கேன். உளியை வெச்ச எடம் தெரியாம நீ தேடுவே, நான் எடுத்துக் குடுப்பேன். நீ வேணும்னு செய்யலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்டா."

"அப்புறம் ஏன்டா பேசல?"

"நீ வந்து ஒரு வார்த்தை சொல்லுவேன்னு பார்த்தேன். ஆஸ்பத்திரியில பார்த்தேன், வூட்ல பார்த்தேன். நீ கல்யாண வூட்ல ஒக்காந்து அந்தக் கதையைக் கேட்டு சிரிச்சிகினு இருக்கேன்னு கேள்விப்பட்டேன்."

"சிரிக்கலன்னா அங்க என்னால ஒக்காந்திருக்க முடியாதுடா" என்றார் அப்பா. "தப்புடா. நான் அன்னிக்கே வந்திருக்கணும்."

மாமா தெருவைப் பார்த்தார். "இப்போ எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை, கோபம் இருக்கிறது என்றும் சொல்லவில்லை. அந்தக் குரல் எனக்குப் பழக்கமான குரல். அவருடைய மருமகள் டீ கொண்டுவந்தாள். குடித்தோம். மகன் ஓசூரில் வேலை செய்கிறான் என்றார். பெங்களூர் ரயிலில் இப்போதும் உட்கார இடம் கிடைக்கிறதா என்று என்னைக் கேட்டார். கோரமண்டலில் ஏறினால் கிடைக்கும் என்றேன். டம்ளர்களைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம். வழியில் அப்பா சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். நான் அவர் தோளில் கை வைத்தேன். வைக்க வேண்டும் என்று தெரிந்ததால் வைத்தேன்.

அவர்கள் மறுபடி நண்பர்கள் ஆகிவிடவில்லை. எதிரே பார்த்தால் இருவரும் தலையசைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். டாக்டரிடம் வர அப்பா மறுத்துவிட்டார். "இந்த வயசுல இன்னாத்துக்கு? நீ ஒழுங்கா சாப்டு" என்றார். அவருக்கும் இருந்ததா என்பது அதனால் எங்களுக்கு இனித் தெரியப்போவதில்லை. ஈஸ்டருக்குப் பிறகு ஒரு கல்யாணத்தில் சித்தப்பா வழக்கம்போல விளக்குக் கதையை ஆரம்பித்தார். அம்மா தட்டை எடுக்காமல் அங்கேயே நின்று, "போதும், வுடுங்க" என்றாள். சித்தப்பா விழித்தார். பிறகு பேச்சு மழையைப் பற்றிப் போயிற்று.

ஆபீஸில் பிழைகள் குறைந்திருக்கின்றன. முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது. மரத்துப்போனதற்குத் தனியாக ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அது வேலை செய்கிறதா என்று இன்னும் தெரியவில்லை.

போன வாரம் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து அத்தை மகள் போன் செய்தாள். நாலாவது படிக்கிற அவள் பெண்ணைப் பற்றி டீச்சர் தினமும் குறை சொல்கிறாளாம். பென்சில் டப்பா தொலைகிறதாம், எழுதுகிற வரி பாதியில் நிற்கிறதாம். மாமனார் வீட்டில், பெண்ணை இவள் கண்டிக்காமல் வளர்க்கிறாள் என்கிறார்களாம்.

"அக்கா, அந்த டாக்டரு இன்னா கேப்பாங்க? எங்க வூட்டுக்காரருக்கு அதான் பயம். குடும்பத்தைப் பத்தி ஊருக்கெல்லாம் சொல்லணுமாங்கிறாரு."

"ஊருக்கு இல்ல. அவங்களாண்ட மட்டும் சொன்னா போதும்" என்றேன். "எல்லாம் உங்கிட்டேர்ந்துதான் வந்துச்சுன்னு யாரும் உன்னைக் குத்தம் சொல்ல மாட்டாங்க. தெரிஞ்சதைச் சொல்லு. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லு."

"நீயும் வர்றியா?"

வருகிறேன் என்றேன். சனிக்கிழமை காலை ரயில் என்று முடிவு செய்தோம். பெண் ஜன்னலோரம் உட்கார வேண்டும் என்று இப்போதே அடம் பிடிக்கிறாளாம்.